தேய்ச்சா அடங்குது, விட்டா திரும்ப வருது... படர்தாமரை ஏன் போகமாட்டேங்குது? மெடிக்கல் ஷாப் டியூப்பில் இருப்பது என்ன?

கடலூர் மாவட்டத்தில் வெயில் காலம் என்றால் வியர்வைக் காலம். கடல் பக்கத்திலேயே இருப்பதால் காற்றில் ஈரம் குறையவே குறையாது. நெய்வேலி மாதிரி சுரங்க ஊரில் கேட்கவே வேண்டாம். திறந்தவெளிச் சுரங்கம், அனல்மின் நிலையம், இரவு பகலாக ஓடும் ஷிப்ட். தலையில் ஹெல்மெட், காலில் கனமான சேஃப்டி ஷூ, உடம்பில் தடித்த யூனிஃபார்ம். எட்டு மணி நேரம் இப்படி வெந்துவிட்டு வீட்டுக்கு வருகிறவருக்கு, இடுப்பிலோ தொடை இடுக்கிலோ சிவப்பாக ஒரு வட்டம் வருகிறது. ஓரத்தில் செதில், ராத்திரியெல்லாம் அரிப்பு.

டாக்டரிடம் போகணும்னா லீவு போடணும், டோக்கன் வாங்கணும், காட்டக் கூச்சமான இடம் வேற. அதனால் வீட்டுக்குப் போகும் வழியில் வண்டியை நிறுத்தி, "அண்ணே, அரிப்புக்கு ஒரு டியூப் குடுங்க" என்று வாங்கிப் போய்விடுகிறார். ரெண்டே நாளில் அரிப்பு காணோம். டியூப் தீர்ந்த அடுத்த வாரம் திரும்ப வருகிறது. இந்தத் தடவை வட்டம் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு இருக்கிறது. வீட்டில் மனைவிக்கும் வந்திருக்கிறது.

இது நெய்வேலியில் மட்டும் நடப்பதல்ல. கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளாக இந்தியா முழுக்கத் தோல் மருத்துவர்களின் பெரிய தலைவலியே இதுதான். டாக்டர்களிடம் நோயாளிகள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை வைத்தே பார்க்கலாம்.

"டாக்டர், ரத்தம் கெட்டுப்போச்சா? ஏன் வட்டமா வருது?"

ரத்தத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. படர்தாமரை என்பது பூஞ்சைத் தொற்று. நம் தோலின் மேலடுக்கு, முடி, நகம் மூன்றிலும் கெரட்டின் என்ற புரதம் இருக்கிறது. அதைத் தின்று வாழும் பூஞ்சை இது. ஈரமும் சூடும் உரசலும் இருக்கும் இடம்தான் அதற்கு வசதி. அதனால்தான் தொடை இடுக்கு, அக்குள், இடுப்பில் பாவாடை நாடா இறுகும் இடம், மார்புக்குக் கீழே, பெல்ட் போடும் இடம் என்று தேடிப் பிடித்து வருகிறது.

ஒரு புள்ளியில் ஆரம்பித்து எல்லாப் பக்கமும் ஒரே வேகத்தில் பரவுவதால் வட்டம். நடுவில் உடம்பின் எதிர்ப்பு சக்தி அடக்கிவிடுகிறது. ஓரத்தில் பூஞ்சை உயிரோடு முன்னேறிக்கொண்டிருக்கிறது. அதனால்தான் நடுவில் தோல் கொஞ்சம் தெளிந்தும் ஓரம் சிவந்து தடித்தும் தெரியும். மருந்து போடும்போது இது ஞாபகம் இருக்கட்டும். வட்டத்துக்கு உள்ளே மட்டும் தடவினால் போதாது. ஓரத்தைத் தாண்டி நல்ல தோலிலும் ஒரு விரல் அகலத்துக்குத் தடவ வேண்டும்.

"அந்த டியூப் போட்டா உடனே கேக்குதே, அப்புறம் என்ன தப்பு?"

உடனே கேட்பதுதான் பிரச்னையே.

கடையில் அரிப்புக்கு என்று கேட்டால் கிடைக்கும் பல டியூப்களில் ஒரு மருந்து இருக்காது, மூன்று நான்கு இருக்கும். பூஞ்சைக்கு ஒன்று, பாக்டீரியாவுக்கு ஒன்று, கூடவே வீரியமான ஒரு ஸ்டீராய்டு. என்ன நோய் என்று கண்டுபிடிக்காமலே எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு கலவை. நம் ஊர் பாஷையில் சொன்னால் கூட்டு மருந்து.

ஸ்டீராய்டு என்ன செய்யும்? பூஞ்சை வந்தால் உடம்பு சண்டை போடும். அந்தச் சண்டையின் அடையாளம்தான் சிவப்பும் அரிப்பும். ஸ்டீராய்டு அந்தச் சண்டையை நிறுத்துகிறது. சிவப்பு போகிறது, அரிப்பு போகிறது, பூஞ்சை மட்டும் போகவில்லை. ஆலையில் தீப்பிடித்தபோது சங்கை மட்டும் நிறுத்தின கதை. தடுக்க ஆள் இல்லாததால் பூஞ்சை நிதானமாகப் பரவுகிறது. க்ரீமை நிறுத்தியதும் உடம்பு திரும்ப முழித்துக்கொண்டு சண்டையை ஆரம்பிக்கும். அப்போதுதான் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பது தெரியவரும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஸ்டீராய்டு போட்ட படர்தாமரை, படர்தாமரை மாதிரியே இருக்காது. வட்டம் கலைந்து, ஓரம் மங்கி, வட்டத்துக்குள் வட்டம் வந்து, சில நேரம் டாக்டருக்கே குழப்பமாகும். மருத்துவத்தில் இதற்கு வேஷம் போட்ட படர்தாமரை என்ற பொருளில் தனிப் பெயரே இருக்கிறது.

மாதக்கணக்கில் போட்டால் தோல் காகிதம் மாதிரி மெலியும். தொடையிலும் அக்குளிலும் பிரசவத் தழும்பு போல ஊதா நிறக் கோடுகள் விழும். பூஞ்சை ஒருநாள் போய்விடும், இந்தக் கோடுகள் போகாது. இருபது வயதுப் பையன்கள் இந்தக் கோடுகளோடு வருவதுதான் பார்க்கக் கஷ்டமாக இருக்கும் விஷயம். கண்ணைச் சுற்றி நாள்கணக்கில் தடவினால் கண் அழுத்தம் கூடலாம். குழந்தைக்கு டயப்பர் போடும் இடத்தில் தடவினால் மருந்து தோல் வழியே ரத்தத்தில் கலக்கும். அது வளர்ச்சியையே பாதிக்கலாம்.

ஸ்டீராய்டே கெட்ட மருந்து என்று நினைத்துவிடாதீர்கள். கார்ட்டிசோன் வகை ஹார்மோன்களைக் கண்டறிந்ததற்கு 1950-ல் நோபல் பரிசே கொடுத்தார்கள். 1952-ல் சல்ஸ்பெர்கர், விட்டன் என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் ஹைட்ரோகார்ட்டிசோனைத் தோலில் தடவிப் பலன் கண்ட பிறகுதான் எக்ஸிமா, சொரியாசிஸ் நோயாளிகளுக்கு விடிவு பிறந்தது. இன்றைக்கும் அந்த நோய்களுக்கு இதுதான் முதல் மருந்து. டாக்டர் எக்ஸிமாவுக்கு எழுதிக் கொடுத்த க்ரீமை இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டுத் தூக்கிப் போட வேண்டாம். எந்த நோய்க்கு, எந்த இடத்தில், எத்தனை நாளைக்கு என்பதுதான் கேள்வி. பூஞ்சைக்கு அது மருந்தே கிடையாது.

டியூப்பைத் திருப்பிப் பாருங்க

பிராண்டு பெயரைப் பார்க்காதீர்கள். அதற்குக் கீழே பொடி எழுத்தில் மருந்தின் பெயர் இருக்கும். பெட்டாமெத்தசோன், பெக்லோமெத்தசோன், மொமெட்டசோன், ஃபுளூட்டிகசோன், ஃபுளூசினலோன், டிரையாம்சினலோன், குளோபெட்டசால், ஹாலோபெட்டசால்... இதில் எது இருந்தாலும் அது ஸ்டீராய்டு.

ரொம்பப் பேர் ஏமாறுவது ஒரு ஜோடியில். குளோட்ரிமசோல், குளோபெட்டசால். ரெண்டும் "குளோ"வில்தான் ஆரம்பிக்கும். முதலாவது பூஞ்சையைக் கொல்லும் சாதாரண மருந்து. இரண்டாவது ஸ்டீராய்டிலேயே ஆக வீரியமான ரகம். ஒரே அலமாரியில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். பழைய டியூப்பின் பெயரை அரைகுறையாக ஞாபகம் வைத்துக்கொண்டு கேட்டால் எது கையில் வரும் என்பது உங்கள் அதிர்ஷ்டம்.

லேபிளின் இடது பக்கம் செங்குத்தாகச் சிவப்புக் கோடு இருந்தால் டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து அது.

"அப்போ கடையில எப்படி தர்றாங்க? சட்டம் இல்லையா?"

இருக்கிறது. சீட்டு இருந்தால்தான் விற்கலாம் என்ற மருந்துகள் அட்டவணை ஹெச்-ல் வரும். வெளியே பூசுகிற மருந்துகளுக்கு அதில் ஒரு விதிவிலக்கு இருந்தது. அந்த ஓட்டை வழியாகத்தான் ஸ்டீராய்டு க்ரீம்கள் பற்பசை மாதிரி விற்றன. ஐ.ஏ.டி.வி.எல். என்ற இந்தியத் தோல் மருத்துவர்கள் சங்கம் இதற்காகவே தனிக் குழு அமைத்துப் பல ஆண்டுகள் குரல் கொடுத்தது. 2018-ல் மத்திய சுகாதாரத் துறை 14 ஸ்டீராய்டுகளுக்கு அந்த விதிவிலக்கை எடுத்துவிட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் 328 கூட்டு மருந்துகளுக்குத் தடை வந்தபோது ஸ்டீராய்டு கலந்த சில தோல் க்ரீம்களும் அந்தப் பட்டியலில் இருந்தன.

ஆக, சட்டம் காகிதத்தில் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் கவுன்ட்டரில் "சீட்டு எங்கே?" என்று கேட்கும் கடையை நீங்கள் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? கேட்கிற கடைக்காரரிடம் கோபப்பட்டு அடுத்த கடைக்குப் போகிறவர்களும் நாம்தான்.

நியூயார்க்கில் ஒரு படர்தாமரை

படர்தாமரைக்குப் போய் இவ்வளவு அலட்டலா என்று தோன்றலாம். 2023 மே மாதம் அமெரிக்காவின் நோய்த் தடுப்பு மையமான சி.டி.சி. ஓர் அறிக்கை வெளியிட்டது. நியூயார்க்கில் இரண்டு பெண்களுக்கு, வழக்கமான மாத்திரைக்குக் கேட்காத படர்தாமரை. அமெரிக்காவில் இந்த வகை பதிவானது அதுதான் முதல்முறை. ஒருவர் வங்கதேசம் போயிருந்தபோது தொற்றியது. இன்னொருவர் சமீபத்தில் வெளிநாடே போனதில்லை.

அந்தப் பூஞ்சையின் பெயர் டிரைக்கோபைட்டன் இண்டோடினியே. பெயருக்குள்ளேயே இந்தியா இருக்கிறது. ஜப்பானில் சிகிச்சைக்கு வந்த இந்திய, நேபாள நோயாளிகளிடமிருந்து எடுத்து, 2020-ல் ஜப்பான் ஆராய்ச்சியாளர்கள் வைத்த பெயர். டெர்பினாஃபைன் என்பது படர்தாமரைக்கு உலகம் முழுக்கக் கொடுக்கும் மாத்திரை. பூஞ்சைக்குள் ஒரு நொதியைப் பிடித்து அதன் செல் சவ்வைக் கட்டவிடாமல் செய்வது அதன் வேலை. இந்த வகைப் பூஞ்சையில் பலவும் அந்த நொதியையே லேசாக மாற்றிக்கொண்டுவிட்டன. பூட்டை மாற்றிய வீட்டுக்குப் பழைய சாவி மாதிரி மாத்திரை வெளியே நிற்கிறது.

அரைகுறை மருந்தும் ஸ்டீராய்டு கலவையும் தாராளமாகப் புழங்கியதுதான் இந்தப் பூஞ்சை வேரூன்ற முக்கியக் காரணம் என்று மருத்துவர்கள் சந்தேகிக்கிறார்கள். முன்பு இரண்டு வாரத்தில் போன படர்தாமரைக்கு இப்போது இரண்டு மாதம், அதற்கு மேலும் மாத்திரை சாப்பிட வேண்டியிருக்கிறது என்றால் டாக்டர் பணம் பிடுங்குகிறார் என்று அர்த்தமில்லை.

"சரி, நான் என்ன செய்யணும்?"

முதலில் காட்டுங்கள். தோலை லேசாகச் சுரண்டி, ஒரு சொட்டு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டு, மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் பூஞ்சை இழை இழையாகத் தெரிந்துவிடும். சில நிமிட வேலை, செலவும் குறைவு. கொஞ்சமாக இருந்தால் பூச்சு மட்டும் போதும். பரவியிருந்தால், ஏற்கனவே ஸ்டீராய்டு போட்டிருந்தால், மாத்திரையும் வேண்டும். மாத்திரையை நீங்களாக ஆரம்பிக்காதீர்கள். கல்லீரல் பிரச்னை, இதயப் பிரச்னை, கர்ப்பம், வேறு மாத்திரைகள் எல்லாவற்றையும் பார்த்துத்தான் கொடுப்பார்கள்.

அடுத்தது, நிறுத்தும் நேரம். அரிப்பு நின்றவுடன் நிறுத்துகிறவர்கள்தான் அதிகம். தோல் பார்க்கத் தெளிவான பிறகும் குறைந்தது இரண்டு வாரம் தொடரச் சொல்வது இதற்காகத்தான். கண்ணுக்குத் தெரியாத மிச்சம்தான் திரும்ப முளைக்கிறது.

மூன்றாவது வீடு. இதில்தான் கோட்டை விடுகிறோம். பூஞ்சை துண்டில் இருக்கும், உள்ளாடையில் இருக்கும், பெட்ஷீட்டில் இருக்கும். நோயாளியின் துணியைத் தனியாக, சூடான தண்ணீரில் துவைத்து, உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி நல்ல வெயிலில் காயப் போட வேண்டும். நெய்வேலி வெயிலுக்கு இந்த ஒரு நல்ல குணம் உண்டு. மழைக்காலத்தில் தையல் மடிப்புகளின் மேல் அயர்ன் பண்ணிவிடுங்கள். அரை ஈரத்தோடு ஜட்டி போடுவது, ஒரே துண்டை நாலு பேர் துவட்டுவது, ஒரே சோப்பைக் குடும்பமே தேய்ப்பது எல்லாம் மாற வேண்டும். வீட்டில் யாருக்கு அரிப்பு இருந்தாலும் ஒரே நேரத்தில் சிகிச்சை. இல்லையென்றால் பந்து மாதிரி ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் போய்க்கொண்டே இருக்கும்.

அப்புறம், அரைஞாண் கயிறு. சிரிக்காதீர்கள், தோல் டாக்டர்கள் நிஜமாகவே கேட்கும் கேள்வி இது. இடுப்பில் வருடக்கணக்கில் ஊறும் கறுப்புக் கயிறு, கையில் கட்டிய மந்திரித்த கயிறு, தாயத்து நூல், இவையெல்லாம் ஈரத்தையும் பூஞ்சையையும் பிடித்து வைத்துக்கொள்ளும். மருந்து தோலுக்குத்தானே, கயிற்றுக்கு யார் போடுவது? குணமாகும் வரை கழற்றி வைக்கலாம். கூடாது என்று வீட்டில் பெரியவர்கள் சொன்னால் வெள்ளி அரைஞாணுக்கு மாறிக்கொண்டு தினமும் கழுவித் துடைக்கலாம்.

ஷிப்ட் வேலைக்காரர்களுக்குத் தனியாக ஒன்று. சேஃப்டி ஷூவைக் கழற்ற முடியாது, கழற்றவும் கூடாது. ஆனால் சாக்ஸை மாற்றலாம். காட்டன் சாக்ஸ் இரண்டு ஜோடி பையில் இருக்கட்டும், பாதி ஷிப்டில் ஒன்றை மாற்றுங்கள். வீட்டுக்கு வந்ததும் கால் விரல் இடுக்கைத் துடைத்துக் காய வையுங்கள். அங்கே வெள்ளையாக ஊறிப்போய் வெடிக்கும் சேற்றுப்புண்ணை அப்படியே விட்டால் பூஞ்சை அங்கிருந்து மேலே ஏறும். சர்க்கரை நோயாளிக்கு அந்த வெடிப்பு வழியாகக் காலே வீங்கும் அளவுக்கு பாக்டீரியா தொற்று வரலாம்.

"பாட்டி வைத்தியம்?" சீமை அகத்தி இலையைப் படர்தாமரைக்கு அரைத்துப் பூசுவது பழைய வழக்கம். அதில் பூஞ்சையை எதிர்க்கும் சத்து இருப்பதும் உண்மைதான். சின்னதாகப் புதிதாக வந்த வட்டத்துக்கு அது ஓரளவு உதவலாம். இன்று பார்க்கும் பிடிவாதமான வகைக்கு அதை நம்பி மாதங்களை விடக் கூடாது. பூண்டை நசுக்கி வைப்பது, எலுமிச்சை, டெட்டாலைத் தண்ணீர் கலக்காமல் ஊற்றுவது, பெட்ரோல் தடவுவது... இவற்றால் தோல் வெந்துபோய் வருகிறவர்களுக்கு முதலில் புண்ணை ஆற்றிவிட்டுத்தான் பூஞ்சைக்கே வர முடியும்.

அரிப்பெல்லாம் படர்தாமரை கிடையாது

ஒரே டியூப்பை எல்லா அரிப்புக்கும் போடுவது ஏன் தப்பு என்பதற்கு இதுவே போதும்.

வீட்டில் எல்லோருக்கும் ராத்திரி நேரத்தில் மட்டும் அரிப்பு, விரல் இடுக்கிலும் தொப்புளைச் சுற்றியும் பொரிப்பொரியாக இருந்தால் அது சிரங்கு. தோலுக்குள் குடையும் ஒரு சின்னப் பூச்சி. அதற்கான மருந்தைக் கழுத்திலிருந்து கால் வரை, குடும்பம் முழுவதும் ஒரே ராத்திரியில் பூச வேண்டும். ஒரு வாரம் கழித்து இன்னொரு தடவை. அரிக்கிறவர் மட்டும், அரிக்கிற இடத்தில் மட்டும் போட்டால் போகாது.

முதுகிலும் மார்பிலும் வெளிர் நிறத்தில் திட்டுத் திட்டாக வருவது தேமல். இதைச் செய்யும் ஈஸ்ட் எல்லோர் தோலிலும் இருப்பதுதான், வியர்வையில் பெருகிவிடுகிறது. ஒட்டிக்கொள்ளாது. மருந்தில் அது செத்த பிறகும் நிறம் திரும்பச் சில மாதங்கள் ஆகும். மருந்து வேலை செய்யவில்லை என்று டாக்டரை மாற்ற வேண்டாம்.

வேர்க்குரு என்பது வியர்வைத் துளை அடைத்துக்கொள்வது. காற்றாட இருங்கள், பருத்தி உடுத்துங்கள், பவுடரைக் கொட்டிக் கொட்டி அடைப்பைக் கூட்டாதீர்கள்.

பண்ருட்டி பக்கத்து முந்திரிக் கை இந்த வட்டாரத்துக்கே உரியது. பச்சை முந்திரிக்கொட்டையின் ஓட்டுக்குள் ஓர் எண்ணெய் இருக்கிறது. அனகார்டிக் அமிலமும் கார்டாலும் கொண்டது. தோலில் பட்டால் வெந்து, கொப்புளமாகி, கறுத்துப்போகும். முன்பு சலவைக்காரர்கள் துணியில் குறிபோடப் பயன்படுத்திய சேங்கொட்டையும் முந்திரியும் மாமரமும் ஒரே குடும்பம். மாங்காய்ப் பால் பட்டு உதடு வெந்துபோவதும் இதே வகைதான். கொட்டை உடைக்கும் பெண்கள் கையில் எண்ணெய் பூசிக்கொண்டு வேலை செய்வது அனுபவத்தில் வந்த பாதுகாப்பு. கையுறை இன்னும் நல்லது. பட்டுவிட்டால் உடனே சோப்புப் போட்டு நன்றாகக் கழுவுங்கள். அந்தக் கையோடு முகத்தைத் தொடாதீர்கள். வறுத்த பருப்பைப் பற்றிக் கவலை வேண்டாம், விஷயம் ஓட்டில்தான்.

கடைசியாக அக்கி. உடம்பின் ஒரே பக்கத்தில், பட்டை மாதிரி, எரிச்சலோடு கொப்புளங்கள். நம் ஊரில் காவி எழுதுவார்கள். எழுதினால் ஆறுகிறது என்பார்கள். உண்மை என்னவென்றால், எழுதாவிட்டாலும் இரண்டு முதல் நான்கு வாரத்தில் கொப்புளம் ஆறிவிடும். சின்ன வயதில் வந்த அம்மை வைரஸ் நரம்பில் ஒளிந்திருந்து திரும்ப வருவதுதான் இது. கொப்புளத்தைவிட, ஆறிய பிறகு மாதக்கணக்கில் நீடிக்கும் நரம்பு வலிதான் வயதானவர்களைப் படுத்தும். கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்துக்குள் வைரஸ் மாத்திரை ஆரம்பித்தால் நோயின் வேகம் குறையும். காவி எழுத வேண்டாம் என்று சொல்லவில்லை, அதற்காக அந்த மூன்று நாளை விட்டுவிடாதீர்கள். நெற்றியிலோ மூக்கு நுனியிலோ கண் பக்கமோ வந்தால் அன்றைக்கே கண் டாக்டரையும் பார்க்கணும்.

"முகம் கொஞ்சம் கலராகணும் டாக்டர்"

கல்யாணத்துக்கு மூன்று மாதம் இருக்கும்போது அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி. இங்கேயும் அதே டியூப் கதைதான்.

மங்குக்கு என்று டாக்டர்கள் சில வாரங்களுக்கு மட்டும் எழுதிக் கொடுக்கும் ஒரு மூன்று மருந்துக் கலவை உண்டு. ஹைட்ரோகுயினோன், டிரெடினாயின், கூட ஒரு ஸ்டீராய்டு. பக்கத்து வீட்டு அக்கா போட்டுப் பளிச்சென்று ஆனதைப் பார்த்து வாங்கி, வருடக்கணக்கில் ஃபேர்னஸ் க்ரீமாகப் போடுகிறார்கள். முதல் மாதம் முகம் கண்ணாடி மாதிரி இருக்கும். பிறகு வெயிலில் போனால் எரிச்சல், சிவந்த ரத்த நாளங்கள், பருக்கள், பெண்களுக்கு முகத்தில் முடி. நிறுத்தினால் முகம் கொதிக்கிற மாதிரி சிவக்கும், அதனால் பயந்து திரும்பப் போடுவார்கள். இதிலிருந்து மீட்பதற்கே மாதங்கள் ஆகின்றன.

லேபிளே இல்லாத டப்பா க்ரீம்களில் இன்னொரு ஆபத்து, பாதரசம். கேரளாவில் கோட்டக்கல் ஆஸ்டர் மிம்ஸ் மருத்துவமனை மருத்துவர்கள் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை ஒருவகைச் சிறுநீரக நோயோடு வந்த 22 பேரைப் பரிசோதித்தார்கள். 15 பேருக்கு அந்த நோயின் ஓர் அரிய வகை இருந்தது. அந்த 15 பேரில் 13 பேர் ஃபேர்னஸ் க்ரீம் போட்டவர்கள். முகத்தில் தடவியது சிறுநீரில் புரதமாக ஒழுகியிருக்கிறது. எங்கே தயாரித்தது, என்ன கலந்தது என்று எழுதாத க்ரீமை, யார் பரிசாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

மாநிறத் தோலை வெள்ளையாக்க மருந்து எதுவும் கிடையாது. கறுத்த திட்டுக்கு மருந்து இருக்கிறது. வெயிலில் கறுக்காமல் இருக்கவும் வழி இருக்கிறது. சன்ஸ்கிரீன் எஸ்.பி.எஃப். 30-க்கு மேல், முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கிப் பூசுங்கள். வெயிலில் நின்றால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திரும்பப் பூசுங்கள். வாங்க வசதியில்லை என்றால் குடையும் முழுக்கைச் சட்டையும் தலைத்துண்டும் அதே வேலையைச் செய்யும்.

வெள்ளைத் திட்டு வந்தால் பயப்படணுமா?

பயப்பட வேண்டாம், ஆனால் தள்ளிப்போடக் கூடாது. பால் வெள்ளையாக, உணர்ச்சி நன்றாக இருக்கும் திட்டு பெரும்பாலும் வெண்புள்ளி. ஒட்டாது, தொழுநோய் அல்ல. வெண்குஷ்டம் என்று சொல்லும் பழக்கத்தை முதலில் விடலாம். நெற்றியில் ஸ்டிக்கர் பொட்டு ஒட்டும் இடத்தில் மட்டும் வெளுத்தால் பொட்டின் பசையில் உள்ள ரசாயனம் காரணமாக இருக்கலாம்.

முழு வெள்ளையாக இல்லாமல் வெளிறிய அல்லது சிவந்த திட்டு, அதில் தொட்டால், சுட்டால், குத்தினால் உணர்ச்சி குறைவு என்றால் தொழுநோயா என்று பார்க்க வேண்டும். 2005 டிசம்பரில் இந்தியா தேசிய அளவில் தொழுநோயை ஒழிப்பு இலக்குக்குக் கீழே கொண்டுவந்துவிட்டது. அதற்காக நோயே இல்லை என்று ஆகிவிடவில்லை. அரசு மருத்துவமனைகளில் கூட்டு மருந்து சிகிச்சை இலவசம். வகையைப் பொறுத்து 6 மாதம் அல்லது 12 மாதம், முழுமையாகக் குணமாகும். திட்டின் மேல் டியூப் தடவித் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் நரம்புக்குத்தான் நஷ்டம். மடங்கிப்போன விரல் மருந்தில் நிமிராது. தோல் மருத்துவரின் போர்டில் எம்.டி.க்குப் பக்கத்தில் டி.வி.எல். என்று பார்த்திருப்பீர்கள். அதில் கடைசி எழுத்து தொழுநோய்க்கானது. ஃபேஷியலும் லேசரும் மட்டும் செய்யும் இடத்துக்கும் தோல் மருத்துவருக்கும் உள்ள வித்தியாசம் அந்த மூன்று எழுத்தில் இருக்கிறது.

எங்கே போகலாம், எதைக் கொண்டு போகணும்?

நெய்வேலி டவுன்ஷிப்பில் என்.எல்.சி.க்குச் சொந்தப் பொது மருத்துவமனை இருக்கிறது. மற்றவர்களுக்குப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஆரம்பிக்கலாம். பெரிய இடம் தேவைப்பட்டால் கடலூர் அரசு தலைமை மருத்துவமனை, சிதம்பரத்தில் முன்பு ராஜா முத்தையா என்று இருந்த இன்றைய அரசு கடலூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, புதுச்சேரி ஜிப்மர். சந்தேகம் கேட்க 104 எண் இருக்கிறது. மத்திய அரசின் இ-சஞ்சீவனி மூலம் வீட்டிலிருந்தே இலவசமாக டாக்டரிடம் பேசலாம்.

போகும்போது இதுவரை போட்ட எல்லா டியூப்பையும், காலியானதையும் சேர்த்து, ஒரு கவரில் போட்டு எடுத்துப் போங்கள். திட்டுவார்களோ என்று மறைக்காதீர்கள். எதைப் போட்டீர்கள் என்பது தெரிந்தால்தான் எதை நிறுத்துவது என்பது தெரியும். டாக்டரைப் பார்ப்பதற்கு முந்தின நாள் அவசரமாக க்ரீம் தடவி அடக்கிக்கொண்டும் போகாதீர்கள்.

புதிதாக ஏதாவது மாத்திரை ஆரம்பித்த சில வாரங்களுக்குள் காய்ச்சலோடு வாயில் புண், கண் சிவப்பு, தோல் கொப்புளித்து உரிதல் வந்தால் ஓ.பி. டோக்கனுக்குக் காத்திருக்க வேண்டாம், மாத்திரையை நிறுத்திவிட்டு நேராக அவசரப் பிரிவு. அப்படி உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமை அபூர்வம்தான், ஆனால் அதில் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்.

வீடியோவில் டாக்டரைப் பார்ப்பதாக இருந்தால், பகல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல், கொஞ்சம் தள்ளி ஒன்று, கிட்டத்தில் ஒன்று என இரண்டு போட்டோ முன்கூட்டியே எடுத்து வையுங்கள். எடுக்கும் முன் போனில் பியூட்டி மோடை ஆஃப் பண்ணிடுங்க. டாக்டர் பார்க்க வேண்டிய திட்டையே அது அழித்துக் காட்டும்.